பின்பக்க எக்ஸிட் கதவுக்கு கார்டு ரீடரோட வர்ற பேனிக் பார் போடலாமா? கிருஷ்ணகிரி, மாங்கூழ் யூனிட்

கூழ்_மெயின்டனன்ஸ்:
வணக்கங்க. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் பாக்கறேன். சீசன் வந்துட்டா கான்ட்ராக்ட் ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, டிரம் யார்டு பக்கம் இருக்கற பின் கதவு வழியா பீடி புடிக்கப் போறது, வெளியாளு உள்ள நுழையறதுன்னு ஒரே ரோதனை, அதனால சூப்பர்வைசர் சங்கிலி போட்டு பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு சுத்தறாரு. போன மாசம் எக்ஸ்போர்ட் பார்ட்டி ஆடிட்டுக்கு வந்தவங்க அந்தப் பூட்டைப் பாத்ததும் ஃபோட்டோ புடிச்சு ரிப்போர்ட்ல போட்டுட்டாங்க. முதலாளி என்னடான்னா "கண்டவன் வெளிய போகவும் கூடாது, ஆடிட்டும் பாஸாகணும்"ங்கறாரு. பேனிக் பார்ங்கறாங்களே, உள்ளருந்து அமுக்குனா கதவு தொறக்கற குறுக்குக் கம்பி, அதுலயே கார்டு ரீடர் சேந்து வருதாமே, அது சரிப்படுமா? இல்ல ஈஎம் லாக் (கரண்ட் காந்தத்துல கதவைப் புடிச்சு வைக்கற பூட்டு) போட்டு ரெண்டு பக்கமும் ரீடர் வச்சிரலாமா? ஒத்தக் கதவு, தினமும் தண்ணி அடிச்சு கழுவற எடம்.

சிப்காட்_சேஃப்டி (ஓசூர்):
ரெண்டு பக்கமும் ரீடருங்கறத இப்பவே மறந்துருங்க. எக்ஸிட் கதவு உள்பக்கத்துல இருந்து சாவி இல்லாம தொறக்கணும்னு நம்ம நாட்டு கட்டட விதி என்பிசி 2016லயே இருக்கு, கார்டும் ஒரு சாவிதான. ஸ்டீம் லைன் புட்டுக்கிச்சுன்னா கார்டு எந்த பாக்கெட்ல இருக்குன்னு எவன் தேடுவான்? 2012ல கராச்சியில ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரி எரிஞ்சு 250 பேருக்கு மேல செத்தாங்க, வெளிய போற வழி பெரும்பாலும் பூட்டி இருந்துச்சு. ஆடிட்காரங்க பூட்டைப் பாத்தாலே பதறறது சும்மா இல்ல.

பேனிக் பார் பரவுனதே அப்படி ஒரு சாவுக்கு அப்புறந்தாங்க. 1903 டிசம்பர்ல சிகாகோவுல இரோக்வாய் தியேட்டர் எரிஞ்சு 600 பேருக்கு மேல போயிட்டாங்க, கதவைத் தொறக்கத் தெரியாமலும் பூட்டிக் கெடந்ததாலயும் வாசல்லயே நசுங்கினவங்க நெறைய. அதுக்கப்புறம் 1908ல வான் டூப்ரின்ங்கற பேருல பார் விக்க ஆரம்பிச்சாங்க. கூட்டம் மேல சாஞ்சாலே தாழ் வெலகணும், அவ்ளோதான் அதோட தத்துவம்.

பர்கூர்_லோவோல்டேஜ்:
கார்டோட சேந்து வர்ற பார்ல என்ன இருக்குன்னு சொல்றேன், ஏன்னா கடைக்காரன் கேட்லாக்கைக் காட்டி கொழப்பிடுவான். உள்பக்கம் பார் முழுக்க மெக்கானிக்கல், கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் அமுக்குனா தொறக்கும். வெளிப்பக்கம் கைப்பிடியிலதான் ரீடரும் சின்ன மோட்டாரும், கார்டு காட்டுனா கைப்பிடி பிடி குடுக்கும், இல்லன்னா சும்மா சுத்தும் இல்ல அசையாது. பாருக்குள்ளயே ஒரு ஸ்விட்ச் இருக்கும், யாராவது அமுக்குனா கன்ட்ரோலருக்கு சிக்னல் போயிரும், அத வச்சு எத்தன மணிக்கு கதவு தொறந்துச்சுன்னு ரெக்கார்டு ஆகும். உங்க முதலாளிக்கு வேண்டியது இந்த ரெக்கார்டுதாங்க, பூட்டு இல்ல. பக்கத்துல ஒரு கேமரா போட்டுட்டா யாருன்னும் தெரிஞ்சிரும்.

ஈஎம் லாக்ல பிரச்சனை என்னன்னா கரண்ட் போனா விட்டுடும். மாசாந்திர ஷட்டவுன் அன்னிக்கு பேட்டரி வீக்கா இருந்தா கதவு காத்துல ஆடும். விடக்கூடாதுன்னு பெரிய பேட்டரி போடுவீங்க, அப்ப உள்ள இருக்கறவன் எக்ஸிட் பட்டனையும் அந்த வயரையும் நம்பித்தான் வெளிய வரணும். அதே எடத்துல பார் போட்டா, கரண்ட் போனாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கற மாதிரி செட் பண்ணிக்கலாம், உள்பக்கம் எப்பவும் ஃப்ரீ.

வயர் விஷயத்துல கோட்டை விடாதீங்க. கதவு அசையற எடத்துல கேபிள் போறதுக்கு ஸ்டீல் லூப்போ, உள்ள வயர் போற கீலோ போடணும், சும்மா டேப் சுத்தி விட்டா ஒரு சீசன் தாங்காது. கரண்ட்ல தாழையே உள்ள இழுக்கற மாடல் வேண்டாம், அதுல சோலனாய்டு (கரண்ட் காந்தச் சுருள்) வகை இழுக்கற நொடியில கரண்ட் எக்கச்சக்கமா குடிக்கும், ஆபீஸ்ல சப்ளைய வச்சு பின் கதவு வரைக்கும் ஒல்லி கேபிள் இழுத்தா வோல்டேஜ் எறங்கி டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். தண்ணி அடிக்கற எடம்னா லேசுல துருப்புடிக்காத 304 ஸ்டீல் பாடி, வெளிப்பக்க ரீடருக்கு தண்ணி பீச்சுனாலும் தாங்கற ஐபி65 தரம். கூழ் சர்க்கரை தாழுக்குள்ள போய் பிசுக்கு புடிச்சா பார் மெதுவா திரும்பும், அத வெந்நீர்ல தொடச்சு விடணும், கிரீஸ் அப்பாதீங்க.

மண்டபம்_தருமபுரி:
எனக்கு ஒண்ணு புரியலங்க. அந்தக் கதவு வழியா வெளிய இருந்து எவனாவது உள்ள வரணுமா மொதல்ல? வரவேண்டாம்னா ரீடர் எதுக்கு? வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லாம வெறும் தகடு, உள்ள சாதா பார், மேல பேட்டரியில ஓடற எக்ஸிட் அலாரம். எங்க மண்டபத்துல சமையக்கட்டு பின்வாசல்ல அப்படித்தான் இருக்கு. தொறந்தா ஊரே திரும்பிப் பாக்கும், பீடிக்கு எவனும் போகமாட்டான். கார்டு செட்டுல பாதி கூட ஆகாது.

பர்கூர்_லோவோல்டேஜ்:
@மண்டபம் நீங்க சொல்றது நூத்துக்கு நூறு, ஆளு உள்ள வரவேண்டாம்னா. டிரம் ஏத்தறவங்க அந்த வழியா வந்து போவாங்கன்னா அலாரம் கத்திக் கத்தி ஒரு வாரத்துல எவனாவது பேட்டரிய கழட்டிருவான்.

கூழ்_மெயின்டனன்ஸ்:
ஃபோர்க்லிஃப்ட் ஆளுங்க மட்டும் வரணுங்க, அஞ்சாறு பேரு. இன்னொண்ணு, அமுக்குனா 15 செகண்ட் கழிச்சு தொறக்கற மாதிரி பார் இருக்குன்னு முதலாளி எங்கயோ பாத்துட்டு வந்து அதையே புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அதுக்குள்ள செக்யூரிட்டி ஓடி வந்துருவானாம்.

சிப்காட்_சேஃப்டி (ஓசூர்):
அது அமெரிக்க கட்டட விதியில இருக்கற சமாச்சாரம். அதுக்கு பில்டிங் முழுக்க தீப்புடிச்சா தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளரோ தீயக் கண்டுபிடிக்கற டிடெக்டரோ இருக்கணும், ஃபயர் அலாரம் அடிச்சாலோ கரண்ட் போனாலோ அந்த 15 செகண்டும் இல்லாம ஒடனே விடணும், கதவுலயே அறிவிப்பு ஒட்டணும். உங்க ஷெட்ல அலாரம் பேனலே இல்லன்னு நெனைக்கறேன், அப்பறம் எதோட இணைப்பீங்க? முதலாளிகிட்ட ஆடிட்டர் இதுக்கும் ஃபோட்டோ புடிப்பாருன்னு சொல்லுங்க, கேட்டுக்குவாரு.

அஞ்சாறு பேர்னா கார்டு போட்ட பாரே சரி. ஆனா 125 கிலோஹெர்ட்ஸ் சாதா கார்டு வாங்காதீங்க, காப்பி எடுக்கற மெஷின் ஆன்லைன்லயே சல்லிசா கெடைக்குது. கொட்டேஷன்ல பார் யுஎல் 305 (அமெரிக்கத் தரம்) இல்லாட்டி இஎன் 1125 (ஐரோப்பியத் தரம்) சர்டிஃபிகேட்டோட வருதான்னு எழுத்துல வாங்குங்க. அப்பறம் கதவுக்கு வெளிய டிரம் அடுக்கியிருக்கீங்களான்னு பாருங்க, பார் எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் டிரம்ல போய் இடிச்சா கதவு பாதிதான் தொறக்கும். தரையில மஞ்சக் கோடு போட்டு அந்த எடத்தை காலியா வைங்க.

கூழ்_மெயின்டனன்ஸ்:
டிரம் இருக்குங்க 😐 நாளைக்கு காலைல ஃபோர்க்லிஃப்ட்காரன் வந்ததும் மொதல்ல அதத்தான் நகத்தணும். கொட்டேஷன் வந்ததும் இங்க போடறேன், பாத்து சொல்லுங்க.