விறகு நுரை தள்ளுகிறது, எரிய மாட்டேன் என்கிறது (கோத்தகிரி)

மலைக்குப்புதுசு:
கோத்தகிரியில் ஒரு பழைய வீட்டில் ஜூலையிலிருந்து வாடகைக்கு இருக்கிறோம். ஹாலில் பயர்பிளேஸ் உண்டு. அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நெருப்பு இல்லாமல் அவரால் உட்காரவே முடியவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒரு பிக்கப் லோடு இறக்கினோம், கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) கலந்தது. பற்றவைத்தால் கட்டையின் முனையில் நுரை வருகிறது, உஸ்ஸென்று சத்தம், ஹால் முழுக்கப் புகை. நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றித் தரைவரை மூடித்தான் வைத்திருக்கிறோம். அப்படியும் ஈரம் குறையவில்லை, பட்டையில் வெள்ளைப் பூஞ்சை. இந்தக் குளிரை எப்படி ஓட்டுவது? அடுத்த வருஷத்துக்கு எப்போது வாங்கி வைக்க வேண்டும்?

தொட்டிக்காரர்மகன்:
அப்பா குன்னூரில் விறகு தொட்டி நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விறகு அடுக்குவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்தது பச்சை விறகு. வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். எரிக்கிற விறகில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பாதி தண்ணீராக உள்ள 1,000 கிலோ விறகு அந்த அளவுக்குக் காய்ந்தால் 625 கிலோதான் நிற்கும். மீதி 375 கிலோ வெறும் தண்ணீர். எடைபோட்டு வாங்கினால் அதற்கும் காசு கொடுக்கிறீர்கள். பச்சையாகவே எரித்தால் அந்த 375 லிட்டரையும் உங்கள் நெருப்பே ஆவியாக்க வேண்டும். அம்மாவுக்குச் சேர வேண்டிய சூடு அதில் போய்விடுகிறது.

இன்றைக்கே தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். வெயிலைவிடக் காற்றுதான் விறகைக் காயவைக்கும். சுற்றிக் கட்டினால் உள்ளேயிருந்து கிளம்பும் ஈரம் தார்ப்பாயில் முட்டி, திரும்ப விறகிலேயே இறங்கும். பூஞ்சை அப்படித்தான் வந்தது. மேலே மட்டும் தகரம் போதும், மழைச்சாரல் விழாதபடி முன்பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அடியில் கல் வைத்துத் தரையிலிருந்து அரை அடி தூக்குங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறும். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள்.

அதைவிட முக்கியம், பிளப்பது. பட்டை ஈரத்தை லேசில் வெளியே விடாது. வேரிலிருந்து நீர் ஏறிய அதே குழாய்கள் வழியாக, வெட்டுமுனையில்தான் அது அதிகமாக வெளியேறும். ஒரு அடி நீளத்துக்கு அறுத்து, உருட்டுக்கட்டையாக இருந்தால் நாலாகப் பிளந்துவிடுங்கள். கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்தால்தான் உண்டு. அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். காய்ந்த பிறகு ஆப்பு வைத்து அடித்தாலும் அசையாது, கோடாரிதான் எகிறும். சீகை அவ்வளவு படுத்தாது, தணலும் நெடுநேரம் நிற்கும். எனக்குக் கேட்டால் குளிர்காயச் சீகைதான்.

காய்ந்த கட்டையின் முனையில் விரிசல் சக்கரத்தின் ஆரம்போல நடுவிலிருந்து ஓடும். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அப்பா வாடிக்கையாளர் முன்னாலேயே பிளந்து அவர்கள் கையில் கொடுப்பார்.

கோத்தகிரியில் பெருமழை அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழை. ஜனவரி கடைசியில் வாங்கிப் பிளந்து அடுக்கினால் செப்டம்பர்வரை காற்று கிடைக்கும். கூடலூர்ப் பக்கம் இந்தக் கணக்கு சரிவராது, அங்கே ஜூனிலேயே கொட்ட ஆரம்பித்துவிடும். ஊட்டிக்கு இரண்டு மழையும் உண்டு.

இந்த வருஷத்துக்குப் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடி விறகு கிடைக்கிறதா என்று தோட்டங்களில் விசாரியுங்கள். மெல்லிய கட்டை, சீக்கிரம் காயும். காய்ந்த சில்வர் ஓக்கும் பரவாயில்லை, வேகமாக எரிந்து தீரும், அவ்வளவுதான்.

ஊட்டிக்குளிர்:
பச்சை விறகுப் புகை சிம்னிக்குள் தாராகப் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஆள் வைத்துச் சுத்தம் செய்துவிட்டு எரியுங்கள். இன்னொன்று, அம்மா படுக்கிற அறைக்குள் கரி அடுப்பைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு அப்படித் தூங்கியவர்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் செத்துப்போயிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

மலைக்குப்புதுசு:
தார்ப்பாயை அவிழ்த்துவிட்டேன், சிம்னிக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். காம்பவுண்டில் ஒரு சீகை மரம் நிற்கிறது. வீட்டுக்காரர் சம்மதித்தால் வெட்டிக்கொள்ளலாமா அண்ணா?

தொட்டிக்காரர்மகன்:
அவர் சம்மதம் மட்டும் போதாது தம்பி. 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே அமலில் இருக்கிறது, சொந்த இடத்து மரமானாலும் அனுமதி வேண்டும். அவரையே வனத்துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஜனவரியில் லோடு சொல்லும்போது பிளக்கிற ஆளையும் அன்றைக்கே வரச் சொல்லிவிடுங்கள். கற்பூர மரத்தை முதலில் பிளக்கட்டும், சீகை ஒரு வாரம் பொறுக்கும்.