மறு: கன்சோலை நட்டத்துக்கு விற்பதை என்னவென்று சொல்வது?

அன்பர்களே, வணக்கம்.

'லாஸ் லீடர்' (வேறு வரவை நம்பி அடக்கத்துக்கும் கீழே விற்கிற பொருள்) என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டுத் தொடங்கிய இழையில் இப்போது 'மானிய விலை', 'தூண்டில் விலை', 'நட்ட விலை' என்று மூன்று சொற்கள் மல்லுக்கு நிற்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. நட்டம் எங்கே விழுகிறது, அதை யாரிடம் எப்படி வசூலிக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தானாகவே தீரும்.

2006 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கன்சோல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் அதைக் கழற்றி, உள்ளே இருந்த உறுப்புகளுக்கெல்லாம் விலை போட்டுப் பார்த்தது. 20 ஜிகாபைட் வன்வட்டு கொண்ட கருவிக்கு 805.85 டாலர் அடக்கம். கடை விலை 499. 60 ஜிகாபைட் கருவிக்கு 840.35 டாலர் அடக்கம். கடை விலை 599. கன்ட்ரோலர், கம்பிகள், அட்டைப்பெட்டி எதையும் சேர்க்காத கணக்கு இது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய கருவிக்கு ஆன கூடுதல் செலவு 35 டாலருக்கும் குறைவு. கூடுதலாக வாங்கியதோ 100 டாலர். அதிக விலை கொடுத்தவர்தான் சோனியின் நட்டத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். அப்படியும் 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் இழந்தது.

> ரேஷன் அரிசிக்குச் சொல்கிற 'மானிய விலை'யையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமே?

கூடாது ஐயா. மானியம் கொடுத்தவர் அதை வாங்கியவரிடமே திரும்ப வசூலிப்பதில்லை. கன்சோல் விற்பவருக்கு வசூல்தான் குறியே. அந்தக் கருவிக்காக வெளியிடப்படும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வெளியீட்டாளர் உரிமத்தொகை கட்டுகிறார். அது விளையாட்டின் விலைக்குள் ஏறி வாங்குபவர் தலையில் விடிகிறது. இப்போது இணைய விளையாட்டுச் சந்தாவும் சேர்ந்துகொண்டது. இதை மானியம் என்று எழுதினால், விற்பவருக்கு இல்லாத தயாள குணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இந்த வசூல் நடக்க ஒரு பூட்டு வேண்டும். 1977இல் அட்டாரி நிறுவனம் விற்ற கன்சோலில் பூட்டு கிடையாது. 1979இல் அங்கிருந்து விலகியவர்கள் ஆக்டிவிஷனைத் தொடங்கி, அதே கருவிக்குத் தாங்களே விளையாட்டுகளை வெளியிட்டார்கள். நின்டெண்டோ பாடம் கற்றுக்கொண்டது. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன தன் கருவியிலும், விளையாட்டு அடங்கிய ஒவ்வொரு கேட்ரிட்ஜிலும் ஒரு சில்லைப் பொருத்தியது. இரண்டும் ஒத்துப்போனால்தான் விளையாட்டு ஓடும். உரிமம் வாங்காமல் யாரும் எளிதில் உள்ளே நுழைய முடியாது.

பூட்டு ஒருவரிடமும் கருவி இன்னொருவரிடமும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1993இல் வந்த 3டிஓ கன்சோல் நல்ல சான்று. வடிவமைத்தது ஒரு நிறுவனம், தயாரித்து விற்றது பானசோனிக். ஒரு விளையாட்டுக்கு 3 டாலர் என்ற உரிமத்தொகை வடிவமைத்த நிறுவனத்துக்குப் போனது. பானசோனிக் கருவியிலேயே லாபம் பார்த்தாக வேண்டியிருந்தது. விலை 699.99 டாலர்! விற்பனை படுத்துவிட்டது. கன்சோல் விலை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பிளேஸ்டேஷனை மட்டுமே சுற்றிவராமல் இந்தக் கதையையும் சொன்னால் நல்லது.

> 'தூண்டில் விலை' கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறது, தலைப்புக்கும் அழகாக இருக்கும். ஆனால் அது பல்பொருள் அங்காடிக்குப் பொருந்துகிற சொல். சர்க்கரையை அடக்கத்துக்கும் கீழே விற்றால், உள்ளே வந்தவர் பருப்பும் எண்ணெயும் வாங்குவார் என்பது கடைக்காரர் கணக்கு. வந்தவர் சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு, பருப்புக்கு அடுத்த கடைக்குப் போகலாம். கன்சோல் வாங்கியவருக்கு அடுத்த கடை பயன்படாது. விளையாட்டு எங்கே வாங்கினாலும் பங்கு கன்சோல்காரருக்குப் போய்ச் சேரும். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள் என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டுமா? அங்காடிக்குத் 'தூண்டில் விலை' இருக்கட்டும்.

'நட்ட விலை' தெளிவான சொல்தான்; அளவு மீறி அகலமானது. 2011 ஆகஸ்டில் எச்பி நிறுவனம் தன் டச்பேட் பலகைக் கணினியைக் கைவிட்டபோது, கையிருப்பை 99 டாலருக்குத் தள்ளிவிட்டது. அதுவும் நட்ட விலைதான். அந்த நட்டத்தைப் பின்னால் எடுக்க வழியே கிடையாது. இரண்டையும் ஒரே பெயர் கொண்டு அழைத்தால் கலைச்சொல் எதற்கு?

என் பரிந்துரை: முன்னிழப்பு விலை.

பின்னால் வரவிருக்கிற வரவை நம்பி, கருவியை விற்கும்போதே ஏற்கிற இழப்பு. இது இழையில் வந்த எடுத்துக்காட்டுகளுக்குத் தாங்குகிறதா என்று பார்த்தேன். பிளேஸ்டேஷன் 3 முன்னிழப்பு விலையில் விற்றது. அதே 2006 நவம்பரில் 249.99 டாலருக்கு வந்த நின்டெண்டோவின் வீ கன்சோல் அப்படி விற்கவில்லை. கருவியிலேயே லாபம் இருந்தது. 2012இல் வந்த வீ யூவில் முன்னிழப்பு உண்டு. ஒரு விளையாட்டை வாங்கினாலே அது ஈடாகிவிடும் என்று நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைவரே சொன்னார். பிளேஸ்டேஷன் 5இல் 499 டாலர் கருவி இனி நட்டத்துக்கு விற்கவில்லை என்று 2021 ஆகஸ்டில் சோனி அறிவித்தது. 'முன்னிழப்பு தீர்ந்தது' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் இயல்பாக உட்காருகிறது.

இடறுகிற இடமும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் கருவி விற்பனையில் ஒருபோதும் லாபம் கண்டதில்லை என்று 2021 மே மாதம் எபிக்–ஆப்பிள் வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி சாட்சியம் சொன்னார். கருவியில் மட்டும் பார்த்தால் அந்த இழப்பு தீரவே இல்லை. அமெரிக்க விமானப்படை இன்னொரு வேடிக்கை செய்தது. சுமார் 1,760 பிளேஸ்டேஷன் 3 கருவிகளை ஒன்றாகக் கோத்து, 2010இல் காண்டோர் என்ற மீக்கணினியை உருவாக்கியது. அத்தனை கருவி வாங்கியும் விளையாட்டு வாங்காத வாடிக்கையாளர்! என் கருத்தில் இவை சொல்லைக் கெடுக்கவில்லை. வரவு நிச்சயம் என்று சொல் உறுதி கூறவில்லை. வரவை எதிர்பார்த்து வைத்த விலை என்றுதான் சொல்கிறது.

> 'முன்னிழப்பு' என்றால் முந்தைய ஆண்டின் இழப்பு என்று படித்துவிடுவார்களே?

கணக்காளர் நண்பரின் இந்தத் தடை நியாயமானது. அதனால்தான் 'விலை' என்பதை விடாமல் சேர்க்கச் சொல்கிறேன். போன ஆண்டு இழப்புக்கு யாரும் விலை வைப்பதில்லை. 'முன்னட்டம்' என்று இன்னொரு நண்பர் திருத்தியதை ஏற்க இயலவில்லை. புணர்ச்சி சரிதான்; ஆனால் காதில் 'நட்டம்' கரைந்துவிடுகிறது. 'இழப்பு' எங்கே வைத்தாலும் கேட்கிறது.

உதிரிபாகங்களின் மொத்தச் செலவுக்கு 'உறுப்படக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அடக்க விலை' நம் வணிகர்கள் நாவில் காலங்காலமாக இருக்கிற நல்ல சொல், அதை எடுத்தாண்டது சரி. ஆனால் உறுப்பையும் அடக்கத்தையும் இப்படி ஒட்டினால் இழவு வீட்டு வாடை அடிக்கிறது. 'உதிரிபாக அடக்கவிலை' நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே அது எதைக் குறிக்காது என்பதையும் விளக்கத்தில் எழுத வேண்டும். 2013இல் பிளேஸ்டேஷன் 4க்கு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு 381 டாலர், கடை விலை 399. மிச்சம் 18 டாலரைப் பார்த்து 'லாபம்' என்று எழுதிய செய்திகள் உண்டு. வடிவமைப்புச் செலவு, கப்பல் கூலி, கடைக்காரர் பங்கு, விளம்பரம் எல்லாம் அந்த 381க்கு வெளியே இருக்கின்றன.

மறுப்பு இல்லையென்றால் 'முன்னிழப்பு விலை'யை மட்டும் இப்போது விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். ஒரு கருவிக்குச் சராசரியாக எத்தனை விளையாட்டுகள் விற்கின்றன என்ற அளவுக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'துணைவிற்பனை வீதம்' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். 'இணைப்பு வீதம்' வேண்டாம். மின்வாரியத்துக்கோ தொலைபேசிக்கோ உரியதாகப் படுகிறது. வேறு யோசனை இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள்.