உதடுகளில் நஞ்சு: இத்தாலிய ஓப்பரா முடிவுகள் குறித்து உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். 1913-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் முதன்முதலாக மேடையேறிய இசையமைப்பாளர் மோன்தெமெத்ஸியின் 'லாமோரே தெய் த்ரே ரே' (மூன்று அரசர்களின் காதல்) என்ற ஓப்பராவின் (இசை நாடகத்தின்) முடிவு என் மனத்தை விட்டு அகலவில்லை. மருமகளைக் கழுத்தை நெரித்துக் கொன்ற பார்வையற்ற முதிய அரசன், அவளுடைய காதலனைப் பிடிப்பதற்காகப் பிணத்தின் உதடுகளில் நஞ்சைத் தடவி வைக்கிறான். காதலன் முத்தமிட்டுச் சாக, மனைவியின் பிரிவைத் தாங்காத மகனும் அதே உதடுகளில் முத்தமிடுகிறான். காதலன் அகப்பட்டான் என்று கிழவன் பற்றிக்கொள்வதோ சாகும் தறுவாயில் இருக்கும் தன் மகனை. புச்சினியின் 'தோஸ்கா'வில் நாயகி கோட்டை மதிலிலிருந்து குதிப்பதும் கொடிய முடிவுதான். ஆனால் அழகும் அழுகலும் இப்படிப் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதை அங்கே நான் உணரவில்லை. 1890 முதல் 1920 வரையிலான இத்தாலிய ஓப்பராக்களில் இத்தகைய முடிவு கொண்டவற்றையும் அவற்றின் நல்ல ஒலிப்பதிவுகளையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். ஸாந்தோனாயின் 'பிரான்செஸ்கா தா ரிமினி'யை ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.