பிய்த்தெடுத்த ஜெல் பாலிஷ்: நாலு மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு

தங்கச்சி கல்யாணத்துக்குக் கும்பகோணத்தில் ஜெல் பாலிஷ் (விளக்கொளியில் காட்டி இறுகவைக்கும் நகப்பூச்சு) போட்டுக்கொண்டு, ஓரம் தூக்கியதும் மாயவரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி சும்மா இருக்காமல் பிய்த்து எடுத்தேன், நகத்தின் மேல் படலமும் கூடவே வந்துவிட்டது, புளி கரைத்தாலே எரிகிறது என்று சித்திரையில் புலம்பியிருந்தேன் இல்லையா? இப்போது ஆவணி. முக்கால்வாசி தேறிவிட்டது.

கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுசாக மாற 6 மாதம் ஆகும், ஆக உரிந்த இடத்தை எந்த கிரீமும் ஒட்டவைக்காது. 'நகத்தை மூச்சுவிட விடு' என்றவர்களுக்கு: வெளியே தெரியும் நகம் கெரட்டின் என்ற உயிரற்ற புரதம், அது மூச்சே விடாது. நான் ஜெல் போடாமல் இடைவெளி விட்டது நகம் மெலிந்துபோனதால்தான்.

பெரிய எதிரி தண்ணீர். ஊறி ஊறிக் காய்வதில்தான் நுனி அடுக்கடுக்காகப் பிரிகிறது. இப்போது வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கவும் கையுறைதான் (அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை). ராத்திரி நகக்கண்ணில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

போன வாரம் ஒரே ஒரு விரலில் ஜெல் போட்டுச் சோதித்தேன். கழற்றும்போது மேல்பளபளப்பை லேசாக அரத்தால் தேய்த்து, அசிட்டோன் (பாலிஷைக் கரைக்கும் திரவம்) நனைத்த பஞ்சை ஃபாயிலில் சுற்றி 15 நிமிடம் விட்டேன். பாதிதான் கழன்றது. சுரண்டாமல் மறுபடி சுற்றினேன், அப்புறம் தானாக வந்துவிட்டது.

கட்டைவிரல் நுனியில் மட்டும் முன்பு உரிந்த இடத்தின் வெள்ளைத் திட்டு இன்னும் இருக்கிறது.