32,000 சுற்று எதற்கு? வெள்ளி நகைக்கு மெருகுக் கருவி வாங்கிய அனுபவங்கள்

கோவையில் வீட்டு மாடியறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு ஐந்து ஆண்டுகளாக வெள்ளி மோதிரங்களும் தோடுகளும் செய்து வருகிறேன். அறுப்பதும் பற்றவைப்பதும் ஓரளவு கைவந்த பிறகும், அரைத்து மெருகேற்றும் கட்டத்தில் என் நகைகள் தடுமாறிக்கொண்டே இருந்தன. அதற்குக் கையை மட்டும் குறை சொல்ல முடியாது. வாங்கிய கருவியே வேலைக்குப் பொருந்தாதது.

முதலில் வாங்கியது, மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே அமைந்த ரோட்டரி கருவி. நிமிடத்துக்கு 5,000 முதல் 32,000 சுற்றுகள் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பெரிய எண்ணுக்கே பணம் கொடுத்தேன் என்று சொல்லலாம். பற்றவைத்த இடத்தைச் சமன் செய்ய ரப்பர் வீலைக் குறைந்த வேகத்தில் அழுத்தினால் கருவி திணறி நின்றுவிடும். நிற்காமலிருக்க வேகத்தைக் கூட்டினால் ரப்பர் இளகி, வெள்ளியின் மேல் கறுப்பாக அப்பிக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளியை மிஞ்சும் உலோகம் இல்லை என்று பள்ளியில் படித்த பாடத்தை, மோதிரத்தைப் பிடித்திருந்த விரல்கள் மறுபடியும் படித்தன.

அடுத்த சிக்கல் தண்டின் அளவு. நகைப் பட்டறைக்கென்று விற்கும் பர் (வெட்டும் முனை), ஃபெல்ட் (அழுத்திய கம்பளி வீல்), பிரஷ் போன்றவற்றின் தண்டு பெரும்பாலும் 2.35 மி.மீ. கனமுள்ளது, என் கருவியோடு வந்த காலெட்டோ (தண்டைக் கவ்விப் பிடிக்கும் உறுப்பு) 3.2 மி.மீ. தண்டுக்கானது. சிறிய காலெட் தனியாகக் கிடைக்கும் என்பதை அறியாமல், தண்டில் காகிதத்தைச் சுற்றிச் செருகி ஓட்டினேன். (சிரிக்க விரும்புபவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) தலை ஆடிய பர், கல் பதிக்க வைத்திருந்த விளிம்பில் ஆழமாக ஒரு கோட்டை இழுத்துவிட்டது, அந்த மோதிரத்தை உருக்கத்தான் வேண்டியிருந்தது.

இப்போது வைத்திருப்பது தொங்கும் மோட்டார். மோட்டார் தலைக்கு மேல் கொக்கியில் தொங்க, அதிலிருந்து வளையும் ஷாஃப்ட் வழியாகச் சுழற்சி ஒரு மெல்லிய கைப்பிடிக்கு வருகிறது. கையில் கனமில்லை. வேகத்தைக் கால்மிதி கட்டுப்படுத்துவதால் ஒரு கை நகைக்கும் மறுகை கருவிக்கும் முழுமையாகக் கிடைக்கின்றன. ஏதேனும் சிக்கினால் காலை எடுத்தால் போதும். என்னுடையது அதிகபட்சம் 18,000 சுற்று ஓடுவது. முதல் கருவியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான் என்றாலும், மெதுவாக ஓடும்போதும் அதன் இழுவிசை குறையாததால் ரப்பர் வீலை அழுத்தினாலும் நிற்பதில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். நகையின் மேல் வீலின் விளிம்பு எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தே மெருகு அமைகிறது. பட்டறைகளில் உள்ள 100 மி.மீ. துணி பஃப் (துணியாலான மெருகு வீல்) 2,800 சுற்றில் ஓடும்போது, அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 880 மீட்டர் கடக்கிறது. 22 மி.மீ. ஃபெல்ட் வீலில் அதே ஓட்டத்தைப் பெறச் சுமார் 12,700 சுற்றுகள் வேண்டும். ஃபெல்ட்டுக்கே அவ்வளவுதான் என்றால், ரப்பர் வீலுக்கு நான் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஒவ்வொரு வீலுக்கும் உச்ச வேகம் உண்டு. அது அட்டையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், அதைத் தாண்டினால் வீல் சிதறக்கூடும். கருவியை வாங்கும்போது உச்ச வேகத்தை விட்டுவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு ஒரு வீலை மரத்துண்டில் அழுத்திக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.

எந்தக் கருவியாலும் தீராத ஒன்றும் உண்டு. 925 வெள்ளியில் 7.5 விழுக்காடு பெரும்பாலும் செம்பு. சூடேற்றும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகுந்து அந்தச் செம்போடு சேர்ந்துவிடுவதால், நன்றாக மெருகேற்றிய பிறகு சாம்பல் நிறத் திட்டுகள் எழும்பி நிற்கும். நான் மூன்று மாதம் மோட்டாரையும் ரூஜ் என்ற மெருகுப் பூச்சையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படலத்தை உப்புத்தாளால் தேய்த்தெடுக்க வேண்டும். அதைவிட, சூடேற்றும் முன் போரிக் அமிலக் கரைசலைப் பூசிக்கொள்வது எளிது. 400, 600, 800, 1200 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றி, முந்தைய தாளின் கீறல்கள் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போகிறேன். பஃப்பை எடுக்கும்போது பாதி மெருகு ஏற்கெனவே வந்திருக்கிறது.

சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் குடும்பத்தில் கொலுசு வேலை. நீங்கள் சொன்ன தொங்கும் மோட்டாரை நாங்கள் பூட்டு, திருகாணி போன்ற சிறு உறுப்புகளுக்கு மட்டுமே எடுக்கிறோம். மற்றவற்றுக்கு மேசையில் பொருத்திய பஃபிங் மோட்டார்தான். அதை வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சங்கிலியாக உள்ள எதையும் தளரவிட்டு பஃப்பிடம் கொண்டுபோகாதீர்கள். எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது கொலுசின் ஒரு முனை பஃப்பில் சுற்றிக்கொண்டு, அடுத்த கணம் என் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இழுத்தது. எலும்பு முறியவில்லை, நகம் போயிற்று. அன்றிலிருந்து கொலுசைப் பலகையில் இறுக்கிச் சுற்றி, பஃப் கீழ்நோக்கி ஓடும் பக்கத்தில், நடுவுக்குச் சற்றுக் கீழேதான் வைக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு பஃப் அருகே நிற்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். துணியைப் பஃப் பிடித்தால் கையும் கூடவே போகும்.

மாதம் ஐம்பது, அறுபது சிறு நகைகள் செய்பவர் என்றால் டம்ளரைப் (நகைகளை உள்ளே போட்டுச் சுழற்றும் இயந்திரம்) பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு மணிகளோடு சோப்புத் தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் சுழலவிட்டால், சங்கிலியின் கண்ணிகளுக்குள்ளும் பளபளப்பு வந்துவிடும். ஆனால் அது மேற்பரப்பை அழுத்தித்தான் மினுக்குகிறது, தேய்ப்பதில்லை. ஆகவே அரத்தின் கீறலோடு உள்ளே போட்டால், பளபளக்கும் கீறலாக வெளியே வரும். முத்து, பவளம், மரகதம் பதித்தவற்றை அதில் போட வேண்டாம்.

கல் பதிக்கும் வேலை செய்யும் ஓர் உறுப்பினர்:

எனக்கு மைக்ரோமோட்டார் இல்லாமல் வேலை ஓடாது என்பதால் சற்று மாறுபடுகிறேன். பல் மருத்துவக் கூடங்களில் பயன்படும் வகை அது. 35,000 சுற்று ஓடும், அதிர்வு மிகக் குறைவு. கல்லின் இருக்கையை வெட்டும்போதும் கல்லைப் பிடிக்கும் முள்ளின் நுனியைத் திருத்தும்போதும் அந்த அதிர்வின்மைக்கு ஈடு கிடையாது. ஆனால் இதிலும் மோட்டார் கைப்பிடிக்குள்ளேதான் இருக்கிறது. குறைந்த வேகத்தில் நெடுநேரம் அழுத்தி அரைத்தால் கைப்பிடி சுடும்; நான் அப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். முதல் கருவியாக வாங்குபவர் தொங்கும் மோட்டாரையே வாங்கட்டும்.

கல்லையே அரைக்க விரும்புபவர்கள் வைர பர் வாங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத்தான் அரைக்க வேண்டும். அகேட் போன்ற கற்களின் உலர்ந்த தூள் நுரையீரலில் தங்கிவிடும். குஜராத்தின் கம்பாத்தில் தலைமுறைகளாக அகேட் அரைப்பவர்களிடையே சிலிக்கோசிஸ் நோய் பரவலாக இருப்பது அறிந்த செய்தி. தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருப்பதால், மோட்டார் கையிலிருந்து தள்ளித் தொங்குவது இங்கேயும் பயன்படுகிறது.

கோவையிலிருந்து மீண்டும்:

சேலத்து நண்பருக்கு நன்றி. கையுறையோடு பஃப் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி, இன்றே கழற்றிவிட்டேன். ஷாஃப்ட்டைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. அதை இறுக வளைத்துப் பிடித்தால் உள்ளே உராய்ந்து சூடேறும். மேசைக்கும் கொக்கிக்கும் உள்ள உயரத்தை மாற்றிப் பெரிய வளைவாகத் தொங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை உள் கம்பியை உருவித் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவ வேண்டும். நான் முதல் முறை தாராளமாகத் தடவிவிட்டேன். அது கைப்பிடி வழியாக ஒழுகி, மெருகேற்றி முடித்த ஒரு ஜோடித் தோட்டின் மேல் சொட்டியது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தபின் போய்விட்டது.