புது கேஸ் கீசர், ஆனால் சுடுதண்ணீர் மட்டும் சரியாக வரவில்லை

வேலூர் சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில் மார்கழிக் குளிருக்காக கேஸ் கீசர் மாட்டினார்கள். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் நூல் மாதிரி வந்தது, கொஞ்ச நேரத்தில் தீயும் அணைந்துவிடும். மாட்டிய பிளம்பர், மெஷினே சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். கடைக்காரரோ நம்ம ஊர் போர் தண்ணீர் உப்பு, அதுதான் அடைத்துக்கொண்டது என்றார். இரண்டுமே எனக்கு நம்பும்படியாக இல்லை. கீசருக்குள் தண்ணீர் சூடாகிற சுருள் குழாய் (coil) உப்பு படிந்து அடைக்க மாதக்கணக்கில் ஆகும், மாட்டி ஒரு வாரம்கூட ஆகாத கீசரில் எப்படி அடைக்கும்?

சரி, அளந்து பார்ப்போம் என்று மாமாவும் நானும் 10 லிட்டர் பக்கெட்டை வைத்தோம். பச்சைத்தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் நிரப்பிவிட்டது, அதே மிக்ஸர் குழாயில் சுடுதண்ணீருக்கு 4 நிமிடத்துக்கு மேல் ஆனது. யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். இரண்டுமே மெதுவாக வந்தால் டேங்கையும் மெயின் பைப்பையும் பார்க்க வேண்டும். சுடுதண்ணீர் மட்டும் குறைந்தால் கீசருக்குப் போகிற வழி, கீசர், வெளியே வருகிற வழி, இதில் எங்கோதான் அடைப்பு.

கேஸை மூடிவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினோம். சுவரிலிருந்து கீசருக்குத் தண்ணீர் விடுகிற ஆங்கிள் காக் வால்வில் தண்ணீர் நன்றாகப் பாய்ந்தது. கீசரின் இன்லெட்டில் சின்ன வலை ஒன்று இருக்கும், அதில் சிபிவிசி பைப் அறுத்த தூளும் டெஃப்லான் டேப் துணுக்கும் அப்பிக்கிடந்தன. பைப் வேலை முடிந்ததும் லைனை ஒரு தடவை திறந்துவிட்டுக் கழுவியிருந்தால் இது வந்தே இருக்காது, இவ்வளவு செலவு செய்கிற வீட்டில் அந்த ஐந்து நிமிட வேலையை விட்டுவிடுகிறார்களே என்று எனக்குக் கோபமே வந்தது. வலையைக் கழுவியதும் ஓரளவு தேறியது, ஆனால் போதவில்லை. அப்புறம் அவுட்லெட் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் கீசரிலிருந்து தண்ணீர் தாராளமாகக் கொட்டுகிறது. ஆக மிச்சக் கோளாறு அந்த ஹோஸில்தான். தேவைக்கு மேல் நீளமானதைப் போட்டு, இடம் பற்றாமல் மடக்கி விட்டிருந்தார்கள், மடிப்பில் உள்ளே நசுங்கிக்கிடந்தது. அளவான ஹோஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது.

தீ அணைந்ததும் இதனால்தான். தண்ணீரின் தள்ளுவிசை உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை அழுத்தினால்தான் கேஸ் திறக்கும், வேகம் குறைந்தால் தானாக மூடிக்கொள்ளும்.

கீசர் நன்றாக இருந்தாலும் பச்சைத்தண்ணீர் வேகத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள். 6 லிட்டர் கீசர் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர்தான், அதுவும் சுமார் 25 டிகிரி சூடு ஏற்றித் தருகிற கணக்கு. இன்னொன்று, இதை பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது, உயிர் போய்விடும். அக்கா வீட்டில் வெளிச்சுவரில்தான் இருக்கிறது.

மாடி பாத்ரூமில் மட்டும் இன்னும் பிரச்சினை. அங்கே பச்சைத்தண்ணீரே மெதுவாகத்தான் வருகிறது. டேங்கின் அடிப்பகுதிக்கும் ஷவருக்கும் நடுவே 2 மீட்டர்கூட உயரம் இல்லை, 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம், அப்படியென்றால் அங்கே 0.2 பார்கூடத் தேறாது. கீசர் கையேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்துக்கு அது பற்றவில்லை. டேங்கை உயர்த்துவதா, சின்ன பிரஷர் பம்ப் போடுவதா என்று யோசிக்கிறார்கள். காட்பாடி, பாகாயம் பக்கம் மாடிக்கு பம்ப் போட்டவர்கள் இருந்தால், சத்தம் எப்படி, கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.