மறுமொழி: மருத்துவமனைத் தொற்றா, பண்டுவவழித் தொற்றா?

அண்ணாச்சி, வணக்கம். வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் புதிதாகப் பற்றும் தொற்றுக்குத் தமிழில் ஒரு பெயர் தேடுகிறோமே, அதில் நீங்கள் கேட்டது:

> 'மருத்துவமனைத் தொற்று' என்றாலே விளங்குமே, இன்னொரு சொல் எதற்கு?

காய்ச்சலோடு வந்து வார்டில் படுப்பவருக்கு இருப்பதும் மருத்துவமனையில் காணும் தொற்றுதானே? நாம் பெயர் தேடுவது அதற்கில்லை. சேர்க்கும்போது உடம்பில் இல்லாமல், பொதுவாக 48 மணி நேரம் கழித்துத் தலைகாட்டுவதற்கு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனபின், 30 நாளுக்குள் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தாலும் இந்தக் கணக்குதான். டயாலிசிஸ் மையத்தில் ஏறும் கிருமியும் இதில் சேரும். கட்டடத்தின் பெயரை வைத்தால் பாதி வெளியே நின்றுவிடுகிறது.

இது அபூர்வமானதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, மருத்துவமனையில் படுத்து வைத்தியம் பார்க்கும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் வருகிறது. வந்தவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை.

எங்க ஆச்சி அந்த ஒருவர். இடுப்பெலும்பு முறிந்து பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிறுநீர்க் குழாய் வழியே ஏறிய கிருமி ரத்தத்தில் கலந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். 'வயசாயிட்டுல்லா' என்றது தெரு. அந்தச் சாவுக்கு எங்களிடம் ஒரு பெயர் இல்லை. இருந்திருந்தால் நாலாம் நாளே, 'இந்தக் குழாய் இன்னும் வேணுமா சிஸ்டர்?' என்று கேட்டிருப்பேன்.

பெயருக்கு முதலில் 'ஒட்டுவாரொட்டி' (ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும் நோய்) என்ற நல்ல பழைய சொல்லைத்தான் நினைத்தேன். ஆனால் அது நோயாளியைத் தள்ளிவைக்கச் சொல்லும் சொல். இங்கே கிருமி வருவது குழாயிலும் ஊசியிலும் கழுவாத கையிலும்.

'பண்டுவம்' என்றால் வைத்தியம்; நம்மூர்ச் சொல். 'பண்டுவம் பாத்தியளா?' என்று பெரியாட்கள் கேட்பார்கள். ஆகவே என் பரிந்துரை: பண்டுவவழித் தொற்று. மருத்துவர்கள் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார்களோ என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. 1847இல் வியன்னாவில், பிணம் அறுத்த கையைக் குளோரின் கரைசலில் கழுவிவிட்டுப் பிரசவம் பார்க்கச் சொன்னார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். தாய்மார் சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் மருத்துவர்கள் பலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். நம் சொல்லில் உள்ள 'வழி'யோ கிருமி வந்த பாதையை மட்டுமே காட்டுகிறது, யாரையும் சுட்டவில்லை.

உட்பிரிவுகளுக்கு: குழாய்வழிச் சிறுநீர்த் தொற்று, அறுவைப்புண் தொற்று. வென்டிலேட்டரால் வரும் நிமோனியாவுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. 'பண்டுவவழி'யில் இரண்டு வகரம் அடுத்தடுத்து இடறுகிறதே, 'பண்டுவழி' என்று சுருக்கினால் 'பழைய வழி' என்றாகிவிடுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லவும்.